கீழே நின்ற ஆசான்



நம் தமிழ் மன்ற மலருக்குச் சான்றோர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் என்னைப் பணித்தார்கள். நான் இயற்பியல் மாணவன். அதிலும் பெங்களூரில் தங்கிப் படிப்பவன். ஆகையால் சர் சி. வி. இராமனைப் பற்றி எழுதுவேன் என்று அவர்கள் எண்ணியிருக்கக் கூடும். இராமனைப் பற்றி எழுத என்னினும் தகுதி வாய்ந்தோர் பலர் உளர். நான் எழுதப் புகுவது ஒரு டிரில் மாஸ்டரைப் பற்றி.

இதைக் கேட்டுச் சிலர் சிரிக்கலாம். அதில் வியப்பில்லை. நாம் எல்லோரும் பள்ளியில் படித்தவர்கள்தாமே! ஆசிரியர் அறையில் கடைசி நாற்காலி யாருடையது? காலாண்டுத் தேர்வு நெருங்கியவுடன் கணக்கு ஆசிரியர் யாருடைய பாடவேளையைக் கேளாமலே எடுத்துக்கொள்வார்? ஊர்வலத்தில் வரிசை பிடிக்கவும், காலையில் பிந்தி வந்தவனைப் பிடிக்கவும் யாரைத் தேடுவார்கள்? டிரில் மாஸ்டரைத்தான். விசில் ஒன்றும் வெயில் ஒன்றும் அவருக்கென்று எழுதி வைத்த சொத்து. அப்படிப்பட்ட பணியில் இருந்த ஒருவர், வேறோர் ஊரில், வேறொரு நூற்றாண்டில் என்ன செய்தார் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. அவர் பெயர் கீலேரி குஞ்ஞிக்கண்ணன். ஊர் தலைச்சேரி. கற்பித்தது களரிப்பயிற்றும் உடற்பயிற்சியும்.

அவரிடம் என் மனம் சென்றதற்கு வீட்டுக் காரணம் ஒன்று உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் ஊர் கோவில்பட்டிக்கு அருகில் ஒரு சிற்றூர். என் தாத்தா அங்கே சிலம்பம் கற்பித்தவர். கொடை விழாவில் சாமி ஊர்வலத்துக்கு முன்னால் அவர் கம்பு சுழற்றிக்கொண்டு போனால், கம்பு கண்ணுக்குத் தெரியாது, காற்றின் ஓசை மட்டுமே கேட்கும் என்று என் அப்பத்தா சொல்வார்கள். ஊரார் அவரை வாத்தியார் என்றே அழைத்தார்கள். விழா முடிந்தால் ஒரு வேட்டி, ஒரு துண்டு, ஒரு தேங்காய் மூடி. மற்ற நாட்களில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையில் இரவுக் காவல். என் தந்தையாருக்கு அவர் சிலம்பம் கற்றுக் கொடுக்கவில்லை. சோறு போடாத வித்தை எதற்கு என்று அவரே நிறுத்திவிட்டார். அவர் மறைந்தபின் அவருடைய கம்பு எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. வித்தை தெரிந்த கை இல்லாவிட்டால் கம்பு வெறும் மூங்கில் அன்றோ!

சென்ற ஆண்டு ஓணத்துக்கு, விடுதியில் என் அறைத்தோழன் தன் ஊரான தலைச்சேரிக்கு என்னை அழைத்துச் சென்றான். இரவுப் பேருந்து மைசூர் கடந்து, குடகு மலையில் ஏறி, விராஜ்பேட்டை தாண்டி, மாக்கூட்டக் காட்டு வழியாக இறங்கி, விடியும்போது மலையாள மண்ணில் விட்டது. ஊர் சுற்றிக் காட்டும்போது அவன் பெருமையோடு சொன்னான்: எங்கள் ஊர் மூன்று பொருளுக்குப் பெயர் பெற்றது; கேக், கிரிக்கெட், சர்க்கஸ் என்று. முதல் இரண்டும் வெள்ளைக்காரர் கொண்டு வந்தவை என்று எனக்கு விளங்கியது. சர்க்கஸ் எப்படி வந்தது என்று கேட்டேன். அப்போதுதான் குஞ்ஞிக்கண்ணன் என்ற பெயர் என் காதில் விழுந்தது. அவர் களரி ஆசான் என்றும், பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் என்றும் கேட்டவுடன், பரணில் கிடக்கும் கம்பு என் நினைவுக்கு வந்தது.

அவருடைய வாழ்வை அறிய வேண்டுமாயின் அவர் காலத்துத் தலைச்சேரியை முதலில் காண வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1708-இல் கோட்டை கட்டிய துறைமுகம் அது. மிளகும் ஏலமும் ஏற்றுமதியான கடற்கரை. பின்னாளில் மலபார் முழுவதும் சென்னை மாகாணத்தில் சேர்ந்தது. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமையும்வரை அந்த ஊரும் நம் ஊரும் ஒரே மாகாணத்தில்தான் இருந்தன. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் குண்டர்ட் தலைச்சேரியில் தங்கி மலையாளத்துக்குப் பணி செய்தார். 1847-இல் மலையாளத்தின் முதல் செய்தித்தாளை வெளியிட்டார். அவர் தொகுத்த அகராதி 1872-இல் வந்தது. அவர் சார்ந்திருந்த பாசல் மிஷன் அங்கே பள்ளிகளையும் நடத்தியது.

வடமலபார் களரிக்கு உரிய நாடு. களரி என்னும் சொல் தமிழுக்கும் புதியதன்று. தரை மட்டத்துக்குக் கீழே மண்ணைத் தோண்டி, 42 அடி நீளம், 21 அடி அகலம் என்ற கணக்கில் அமைத்த கூடம் அது. தென்மேற்கு மூலையில் ஏழு படிகளோடு பூத்தறை இருக்கும். மாணவன் வலக்காலை முதலில் எடுத்து வைத்து உள்ளே இறங்கி, மண்ணைத் தொட்டு வணங்கிவிட்டே பயிற்சியைத் தொடங்குவான். முதலில் மெய்ப்பயிற்று. உடம்பில் எண்ணெய் பூசிக்கொண்டு, காலை நெற்றி உயரத்துக்கு வீசி, பன்றிபோல் தாழ்ந்து, சிங்கம்போல் நிமிர்ந்து, உடலைத் தன் வசமாக்க வேண்டும். அதன் பின்னரே கோல். அதன் பின் வாளும் கேடயமும், சுருள்வாளும். இறுதியில் வெறுங்கை. ஆசான் தாமே உத்திரத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாணவன் உடலைக் காலால் உழிந்து பதப்படுத்துவார். ஒடித்தால் கட்டவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது களரியின் நெறி. அதனால் ஆசான்கள் எலும்பு முறிவு மருத்துவமும் கற்றிருந்தார்கள்.

இத்தகைய கலைக்கு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரிடி விழுந்தது. பழசிராஜா வயநாட்டுக் காடுகளில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டு 1805-இல் மடிந்தார். அந்தக் கலகக் காலத்தில்தான் மலபாரில் மக்கள் ஆயுதம் தாங்குவதை ஆட்சியாளர் ஒடுக்கினார்கள். வாள் பிடித்த குடும்பங்கள் ஏர் பிடித்தன. களரிகள் பல மூடின. எஞ்சியவை வீட்டு முற்றங்களிலும் கோயில் வழக்கங்களிலும் ஒளிந்து வாழ்ந்தன. போரில்லாத நாட்டில் போர்க்கலைக்கு யார் கூலி கொடுப்பார்? என் தாத்தாவின் கேள்வி எங்கள் ஊரில் மட்டும் பிறந்ததன்று.

அத்தகைய சூழலில், 1850-களில் பிறந்தவர் குஞ்ஞிக்கண்ணன். களரி பயின்று தேர்ந்து, பாசல் மிஷன் பள்ளியில் தற்காப்புக் கலையும் உடற்பயிற்சியும் கற்பிக்கும் ஆசிரியரானார். இந்த இடத்தில் சிறிது நிற்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மனியில் உடற்பயிற்சி பள்ளிக் கல்வியின் ஒரு பகுதியாக வளர்ந்திருந்தது. இணைகம்பி, ஒற்றைக்கம்பி, மரக்குதிரை ஆகிய கருவிகள் எல்லாம் அந்த மரபில் பயன்பட்டவை. மேலை நாட்டு மிஷன் பள்ளியில் உள்நாட்டுக் களரி ஆசான் பணியாற்றியதால், அவர் ஒரே நேரத்தில் இரு மரபுகளுக்கு இடையே நின்றார். மண்ணைத் தொட்டு வணங்கும் களரி ஒரு புறம். விசிலுக்கு அடி வைக்கும் உடற்பயிற்சி மறு புறம். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை இகழ்வது எளிது. அவர் இரண்டையும் கற்பித்தார்.

அவர் வாழ்வின் திருப்பம் ஒரு மராத்தியர் வடிவில் வந்தது.

1879-இல் சியாரினி என்னும் இத்தாலியரின் சர்க்கஸ் மும்பைக்கு வந்திருந்தது. அதைக் கண்டவர்களுள் விஷ்ணுபந்த் சத்ரே என்பவரும் ஒருவர். சிற்றரசர் ஒருவரிடம் குதிரை லாயத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். குதிரைகளைப் பழக்குவதில் வல்லவர். இத்தகைய ஆட்டத்தை இந்தியர்களால் நடத்த இயலாது என்ற பேச்சு அவரைச் சுட்டது. 1880-இல் மும்பையிலேயே தம் சொந்த சர்க்கஸைத் தொடங்கிக் காட்டினார். அதுவே இந்தியர் நடத்திய முதல் சர்க்கஸ். சத்ரே குதிரைமேல் வித்தை காட்டினார். அவர் மனைவியார் பார் விளையாட்டில் ஊஞ்சலாடினார். அக்காலத்தில் ஒரு குடும்பப் பெண் அரங்கேறி அந்தரத்தில் ஆடியது எவ்வளவு துணிவு!

அந்த சர்க்கஸ் ஊர் ஊராகச் சென்று 1880-களின் இறுதியில் தலைச்சேரியில் கூடாரம் அடித்தது. ஊர் முழுவதும் பார்க்கப் போயிற்று. டிரில் மாஸ்டரும் போனார்.

நண்பர்களே, நாமும் சிறுவயதில் சர்க்கஸ் பார்த்திருக்கிறோம். யானை கிரிக்கெட் ஆடியதையும் கோமாளி விழுந்ததையும் கண்டு கைதட்டிவிட்டு வீடு திரும்பினோம். குஞ்ஞிக்கண்ணன் கண்டது வேறு. உயரத்தில் தொங்கும் கட்டையைப் பற்றிச் சுழலும் மனிதனைப் பார்த்தபோது, அந்த வளைவும் அந்தத் தாவலும் தம் களரிப் பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்தவை என்று அவர் உணர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து நடந்தது நடந்திராது. சத்ரேயைச் சந்தித்தார். சத்ரேக்கு ஆட்டக்காரர்கள் தேவைப்பட்டார்கள். குஞ்ஞிக்கண்ணனிடம் பயிற்சி பெற்ற உடல்கள் இருந்தன, பிழைப்பு இல்லை. இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். சர்க்கஸ் வித்தைக்கு ஏற்றபடி பிள்ளைகளைக் குஞ்ஞிக்கண்ணன் பழக்கித் தருவது, அவர்களைச் சத்ரே வேலைக்கு எடுத்துக்கொள்வது. 1888-இல் தலைச்சேரியில் புலம்பில் என்னும் இடத்தில் பயிற்சி தொடங்கியது. 1901-இல் சிறக்கரையில் முறையான சர்க்கஸ் பள்ளியாக அது வளர்ந்தது.

ஓர் இயற்பியல் மாணவன் என்ற முறையில் இங்கே ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறேன். களரியிலிருந்து கூடாரத்துக்கு மாறியதைப் பெயர் மாற்றம் என்று மட்டும் கருதிவிடக் கூடாது. களரியில் தரை உண்டு. தாவினாலும் மீண்டும் தரைக்கே வருவோம். சர்க்கஸில் தரை முப்பது அடிக்குக் கீழே இருக்கிறது. காலைத் தரையில் ஊன்றியிருக்கும்வரை உடலின் சுழற்சியைக் கூட்டவும் குறைக்கவும் நம்மால் முடியும். கால் தரையை விட்டபின், புறப்பட்டபோது பெற்ற கோண உந்தம் எவ்வளவோ அவ்வளவே. அதை நடுவானில் மாற்ற ஒருவராலும் இயலாது. செய்யக் கூடியது ஒன்றே. கைகால்களை மடக்கிக் கொண்டால் உடல் விரைந்து சுழலும். நீட்டினால் சுழற்சி மெதுவாகும். எப்போது மடக்குவது, எப்போது நீட்டுவது என்பதே குட்டிக்கரணத்தின் முழு இரகசியம். கணம் தவறினால் கழுத்து போகும்.

பார் விளையாட்டும் அப்படித்தான். 1859-இல் பாரிசில் இந்த ஆட்டத்தை முதலில் ஆடிக் காட்டிய ஜூல் லியோட்டார் என்ற இளைஞரும் ஓர் உடற்பயிற்சி ஆசிரியரின் மகனே. 25 அடிக் கயிற்றில் தொங்கும் ஊஞ்சல் ஒரு முறை சென்று திரும்ப ஏறத்தாழ 5.5 வினாடி ஆகும். ஆடுகிறவன் பருத்தவனா மெலிந்தவனா என்று கயிறு கேட்பதில்லை. ஆகவே இந்தப் பக்கத்து ஊஞ்சலும் அந்தப் பக்கத்து ஊஞ்சலும் ஒரே தாளத்தில் ஆடும். அந்தத் தாளத்தை உடம்பில் ஏற்றிக்கொண்டவன் கையை விடுவான். அடுத்தவன் பிடிப்பான். இதை நாங்கள் வகுப்பறையில் சமன்பாடாக எழுதுகிறோம். குஞ்ஞிக்கண்ணன் வழியில் அது பிள்ளைகளின் முதுகெலும்பில் எழுதப்பட்டது. களரியின் மெய்ப்பயிற்று அதற்கு அடித்தளமாயிற்று. வளையத் தெரிந்த இடுப்பு, தாழத் தெரிந்த முழங்கால், ஆசானின் ஒரு சொல்லுக்கு அக்கணமே இயங்கும் உடல் ஆகிய மூன்றும் களரி கொடுத்த கொடை.

விளைவு என்ன? அவருடைய மாணவர்களுள் ஒருவரான பரியாலி கண்ணன் 1904-இல் கிராண்ட் மலபார் சர்க்கஸ் என்ற குழுவைத் தொடங்கினார். அது நெடுநாள் நீடிக்கவில்லை. ஆயினும் வழி திறந்துவிட்டது. 1920-களில் ஒயிட்வே சர்க்கஸ், ரேமன் சர்க்கஸ் என்று தலைச்சேரியைச் சார்ந்தவர்களின் கூடாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. நாட்டில் எந்த ஊரில் சர்க்கஸ் நடந்தாலும் உள்ளே மலையாளம் கேட்கும் என்ற நிலை வந்தது. கண்ணன் பொம்பாயோ என்று மேடைப் பெயர் பூண்ட ஒரு மாணவர் கயிற்றில் துள்ளும் வித்தையில் உலகப் புகழ் பெற்றார். 1930-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய கூடாரங்களில் ஆடினார். 1939-இல் இளமையிலேயே இறந்தார்.

நமக்கு நன்கு தெரிந்த ஒரு பெயரும் இந்த வரிசையில் வருகிறது. 1924-இல் பிறந்த எம். வி. சங்கரன் சிறுவனாக இருந்தபோது குஞ்ஞிக்கண்ணனிடம் பயிற்சி தொடங்கினார். பின்னர் படையில் சேர்ந்து, போர் முடிந்தபின் சர்க்கஸுக்கே திரும்பினார். நலிந்து கிடந்த ஒரு சர்க்கஸைக் கூட்டாளியோடு விலைக்கு வாங்கி, 1951-இல் குஜராத்தில் பில்லிமோரா என்ற ஊரில் ஜெமினி சர்க்கஸ் என்று புதுப்பெயர் சூட்டித் தொடங்கினார். ராசிப் பெயரையே குழுவுக்கு வைத்தார் என்பார்கள். நம் பெற்றோர் தமிழ்நாட்டு மைதானங்களில் வரிசையில் நின்று பார்த்த ஜெமினி சர்க்கஸ் அதுதான். ஜெமினி சங்கரன் 2023-இல், 98-ஆம் வயதில் மறைந்தார். 1850-களில் பிறந்த ஒரு களரி ஆசானிடம் கற்ற கை, 2023 வரை இந்நாட்டில் இருந்தது என்று எண்ணும்போது மெய் சிலிர்க்கிறது.

இவ்வளவோடு முடித்துவிட்டால் இது வெறும் புகழ்மாலை ஆகிவிடும். நான் தலைச்சேரியில் கண்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும்.

என் அறைத்தோழனின் பக்கத்து வீட்டில் ஒரு முதிய அம்மையார் இருந்தார்கள். இளமையில் பார் விளையாட்டில் ஆடியவர்கள். ஓணத்தன்று பாயசம் கொடுக்கப் போனபோது என்னையும் திண்ணையில் உட்கார வைத்துப் பேசினார்கள். என் தமிழ் அவர்களுக்கு விளங்கியது. மதுரையிலும் திருச்சியிலும் மாதக்கணக்கில் முகாமிட்டவர்கள் அல்லவா! எட்டு வயதில், வீட்டில் ஏழு பிள்ளைகளுக்குக் கஞ்சி போதாமல், குஞ்ஞிக்கண்ணனின் வழிவந்த ஒரு பயிற்சிக் கூடத்துக்கு அனுப்பப்பட்டார்களாம். பள்ளிக்கூடம் அத்தோடு நின்றது. எழுதப் படிக்கக் கற்றது நாற்பது வயதுக்கு மேல். இரு முழங்காலும் இப்போது மடங்குவதில்லை. இதையெல்லாம் ஒரு குறையாகச் சொல்லாமல், வேறு யாரோ ஒருவரின் கதையைச் சொல்வது போலச் சொன்னார்கள். ஆனால் தலைக்குமேல் கையைத் தூக்கி, ஊஞ்சலை விட்டுப் பறக்கும் கணத்தைக் காட்டியபோது, அந்த முகத்தில் ஒரு மலர்ச்சி தோன்றியது. அந்தக் கையால் தம் தங்கைகள் மூவரைக் கட்டிக் கொடுத்ததாகவும் சொன்னார்கள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. குஞ்ஞிக்கண்ணன் செய்தது நன்மைதானா என்ற ஐயம் எழுந்தது. எட்டு வயதுப் பிள்ளையை அந்தரத்தில் ஏற்றிய தொழிலுக்கு விதை போட்டவர் அவர் அல்லவா? சர்க்கஸில் சிறுவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2011-இல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. அது சரியான தீர்ப்பு. அந்த அம்மையார் இழந்த பள்ளிக்கூடத்தை எந்தக் கைதட்டலும் திருப்பித் தராது. ஆசானைப் போற்றுவதற்காக இதை மறைப்பது நேர்மையன்று.

ஆயினும், மறு பக்கத்தையும் நிறுத்துப் பார்த்தேன். அந்நாளில் வடமலபாரில் ஏழைப் பிள்ளைக்கு முன்னால் இருந்த வழிகள் எவை? வயலில் கூலி, கடலில் வலை, நெசவுக் கூடம். சாதியின் பெயரால் கோயில் வாசலிலும் பொது வழியிலும் தள்ளி நிறுத்தப்பட்டவர் எத்தனை பேர்! பாருக்குக் கை கொடுக்கும்போது, பிடிக்கிறவன் என்ன சாதி என்று எவரும் கேட்டுக் கொண்டிருக்க முடியாது. கேட்டால் விழ வேண்டியதுதான். பெண்கள் அடுக்களையை விட்டு வெளியே வராத காலத்தில் கூடாரத்தில் பெண்ணும் ஆணும் ஒரே கயிற்றில் ஏறினார்கள். குஞ்ஞிக்கண்ணன் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டுச் சர்க்கஸைத் திறந்தவர் அல்லர். பள்ளிக்கூடமே எட்டாத பிள்ளைகள் நிறைந்த காலத்தில், தம் கையில் இருந்த ஒரே கல்வியை அவர் கொடுத்தார். அதன் குறை அவர் காலத்தின் குறை. அந்தக் குறையைக் களைய வேண்டியது அடுத்து வந்தவர்களின் கடமை. அது மிகவும் காலம் கடந்தே நடந்தது.

1939-இல் குஞ்ஞிக்கண்ணன் காலமானார். அவருக்குப்பின் எம். கே. ராமன் என்ற ஆசிரியர் தலைச்சேரியில் பயிற்சியைத் தொடர்ந்து நடத்தி, குருவின் பெயரிலேயே பயிற்சி நிலையத்தை நிலைநிறுத்தினார். இன்று கேரள மக்கள் குஞ்ஞிக்கண்ணனைக் கேரள சர்க்கஸின் தந்தை என்று நினைவு கூர்கிறார்கள். முதிய சர்க்கஸ் கலைஞர்களுக்கு அம்மாநில அரசு ஓய்வூதியமும் வழங்குகிறது. 2010-இல் தலைச்சேரியில் அரசே ஒரு சர்க்கஸ் அகாடமியைத் தொடங்கியது. அது வேரூன்றவில்லை. சிங்கம், புலி, கரடி, குரங்குகளைக் காட்டி வித்தை நடத்துவது 1998 அறிவிப்பால் தடை செய்யப்பட்டபின் கூடாரங்கள் குறைந்தன. வீட்டுக்குள்ளேயே திரை வந்தபின் வரிசையில் நிற்பாரும் குறைந்தனர். ஒரு காலத்தில் வாளை இழந்த களரி கூடாரத்தில் பிழைத்தது. இன்று கூடாரமும் தளர்கிறது.

ஆனால் களரி அழியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 20-ஆம் நூற்றாண்டில் கோட்டக்கல் கணாரன் குருக்களும் அவர் மாணவர் சி. வி. நாராயணன் நாயரும் அதைப் போர்க்கலையாகவே மீட்டெடுத்தார்கள். அவர்கள் மரபைக் காத்தவர்கள். குஞ்ஞிக்கண்ணன் மரபை வேறு நிலத்தில் நட்டவர். இருவகையினரும் வேண்டும். காப்பவர்களை நாம் எளிதில் மதிக்கிறோம். கலை கெட்டுப்போகிறது என்ற பழியையும் ஏற்றுக்கொண்டு, அதைக் கொண்டுபோய்ப் பிழைக்க வைப்பவர்களை மதிக்கத் தயங்குகிறோம். என் தாத்தாவிடம் வித்தை இருந்தது. அதைக் கொண்டு பிள்ளைகள் எங்கே போக முடியும் என்று காட்டும் வாசல் மட்டும் அவருக்குக் கிட்டவில்லை. அது அவர் குற்றமன்று. அந்த வாசலை ஒரு டிரில் மாஸ்டர் ஒருமுறை கண்டுபிடித்துத் திறந்தார் என்பதனாலேயே எனக்கு அவர்மேல் இவ்வளவு பற்று.

பார் விளையாட்டைப் பார்க்கும்போது நம் கண்கள் மேலேயே இருக்கும். கீழே, வலையின் ஓரத்தில், ஒருவர் தலையை நிமிர்த்தி ஒவ்வொரு கையையும் எண்ணிக்கொண்டு நிற்பார். அவரை யாரும் பார்ப்பதில்லை. அவர்மேல் விளக்கும் விழுவதில்லை. பறக்கிறவனுக்கு மட்டும் அவர் அங்கே நிற்பது தெரியும். குஞ்ஞிக்கண்ணனின் பெயர் நிலைத்தது ஆட்டக்காரர் என்றல்ல, ஆசிரியர் என்றே. தலைச்சேரியில் அவரைப் பெயரோடு மாஸ்டர் என்று சேர்த்தே சொல்கிறார்கள்.

இனி என்னைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். இன்னும் சில மாதங்களில் என் முதுகலைப் படிப்பு முடிகிறது. நம்மில் பெரும்பாலோரைப் போலவே, இந்நகரத்தில் ஏதேனும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அமர்ந்து, ஊருக்கு மாதந்தோறும் பணம் அனுப்புவேன் என்றுதான் வீட்டில் எண்ணியிருக்கிறார்கள். தவறான எண்ணம் அன்று. கடன் இருக்கிறது. தங்கை இருக்கிறாள். ஆனால் நான் வரும் ஆண்டு பி.எட். சேர விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். கோவில்பட்டிப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் இயற்பியல் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. வாத்தியார் வேலைக்கா இவ்வளவு தூரம் போய்ப் படித்தாய் என்று கேட்பார்கள். அக்கேள்விக்கு நேர்முகமாக விடை சொல்ல எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. தலைச்சேரியிலிருந்து திரும்பிய பிறகும் விண்ணப்பத்தை இருமுறை கிழித்து மறுமுறை எழுதினேன்.

ஆகையால் இந்த மலர் அச்சானவுடன் ஒரு படியை என் தந்தையாருக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன். அவர் ஒருவரியும் விடாமல் படிப்பவர். தம் தந்தையின் கம்பைப் பற்றிய பகுதியில் சிறிது நிற்பார். அதன் பின் இந்தக் கடைசிப் பகுதிக்கு வருவார். என்ன சொல்வாரோ, அறியேன். பரணிலிருந்து அந்தக் கம்பை இறக்கி வைக்கும்படி மட்டும் கடிதத்தில் தனியாகக் கேட்கப் போகிறேன்.

நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது நீங்கள் படித்த பள்ளியின் பக்கம் ஒருமுறை போங்கள். தலைமை ஆசிரியரை வணங்குங்கள், கணக்கு ஆசிரியரையும் வணங்குங்கள். பிறகு மைதானத்தில் வெயிலில் நிற்கும் அந்த டிரில் மாஸ்டரிடமும் சென்று, ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள்.